வெருலத்தில் சின்ன வீடு: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

தம்பி, பதில் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில் மாமனார் கொடுத்த சரிவான மனையில் 88 சதுர மீட்டரில் மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறீர்கள். தரைக் கான்கிரீட் முடிந்தது. அடுத்த வாரம் சுவர் எழும்பும். ஜன்னலுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. கையிலிருக்கும் பணத்துக்கும் ஆகப்போகும் செலவுக்கும் இடையே 60,000 ரேண்ட் இடிக்கிறது. கூடத்திலும் சமையலறையிலும் பளபளக்கும் பெரிய டைல், படுக்கையறைகளில் லாமினேட், கிரானைட் மேடை, குளிக்குமிடத்தில் கண்ணாடித் தடுப்பு, கூடத்தில் அடுக்கடுக்கான சீலிங் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். எதை வெட்டுவது என்று உங்களுக்கும் மனைவிக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். சொல்லப்போனால், நீங்கள் இருவரும் வெட்ட நினைப்பவற்றில் ஒன்று தப்பான இடம்.

இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக டர்பனில் கட்டட மதிப்பீட்டு வேலை பார்க்கிறேன். பணம் போதாத வீடுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐந்து வருடம் கழித்து இதை மாற்ற வேண்டுமென்றால் சுவரையோ தரையையோ உடைக்க வேண்டுமா? உடைக்க வேண்டுமென்றால் இப்போதே நல்லதாகப் போடுங்கள். ஒரு ஸ்குரூடிரைவரோ பெயின்ட் பிரஷ்ஷோ போதும் என்றால், மிக மலிவானதைப் போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள். விலை இரண்டாவது கேள்வி.

இந்த 60,000 எங்கிருந்து முளைத்தது என்று பாருங்கள். கட்டுநர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் கொடுத்த விலைப்பட்டியலில் சில வரிகளுக்குப் பக்கத்தில் பி.சி. என்று இரண்டு எழுத்து இருக்கும். அந்தப் பொருளை நீங்கள் பிறகு தேர்ந்தெடுப்பீர்கள், இப்போதைக்கு இந்தத் தொகையை வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். டைல், குழாய், கழிப்பறைப் பீங்கான், கைப்பிடி, விளக்கு, சமையலறை அலமாரி எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் பட்டியலில் டைலுக்குச் சதுர மீட்டருக்கு 160 ரேண்ட் என்று இருக்கிறது. நீங்கள் கடைக்குப் போய் 329 ரேண்ட் டைலுக்கு மயங்கிவிட்டீர்கள். இப்படி ஏழெட்டு வரிகளில் மயங்கினால் 60,000 வரத்தான் செய்யும்.

அந்த 160-ஐப் பற்றி அவரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது பொருளின் விலை மட்டுமா, ஒட்டும் கூலியும் பசையும் சேர்ந்ததா? 15 சதவீத வாட் இதில் இருக்கிறதா? நான் விலை கூடிய பொருளை எடுத்தால், கூடுதல் தொகையின் மேல் உங்கள் லாபத்தையும் சேர்ப்பீர்களா? வரி சேராத 160 என்றால் கடையில் 184 ரேண்ட் டைல் வரை உங்கள் கைக்குள் இருக்கிறது. இந்த ஒரு பதிலிலேயே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, தரைக்கு வருவோம். பளபளக்கும் 600-க்கு 600 டைல் வேண்டாம் என்பது என் கருத்து. அழகில் குறையில்லை. ஆனால் பெரிய டைலுக்குத் தரைமட்டம் பிசகக் கூடாது. மட்டம் சரியில்லாவிட்டால் விளிம்புகள் மேலும் கீழுமாக நின்று காலில் இடறும். மட்டப்படுத்தும் கூலி தனி. தவிர, மழைக்காலத்தில் வாசலிலிருந்து ஈரக்காலோடு வரும் வீட்டில் அந்தப் பளபளப்பு வழுக்கும். மங்கலான மேற்பரப்புள்ள போர்சலின் டைலாக எடுங்கள். போர்சலின் என்றால் அது நீரை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண செராமிக் அதைவிடப் பல மடங்கு குடிக்கும். உடல் முழுக்க ஒரே நிறமாக வரும் வகையும் உண்டு. கையிலிருந்து தட்டு விழுந்து ஓரம் பெயர்ந்தாலும் உள்ளே இருக்கும் செங்கல் நிறம் பல்லைக் காட்டாது. 219 ரேண்டில் அப்படிப்பட்ட டைலை நீங்களே அந்தக் கடையில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுங்கள். கூடம், சமையலறை, குளியலறை சேர்த்து 40 சதுர மீட்டர். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 44. வித்தியாசம் 110 ரேண்ட் வீதம் 4,840 மிச்சம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். ஒட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

படுக்கையறை லாமினேட்டை அடியோடு எடுத்துவிடுங்கள். டர்பன் வட்டாரத்துக் கோடைக் காற்றில் இருக்கும் ஈரம் அந்த அழுத்திய மரத்தூள் பலகைக்கு ஆகாது. சுவரோரத்தில் விரிவதற்கு இடைவெளி விடாமல் ஒட்டிவிட்டால் இரண்டாவது ஜனவரியில் நடுவில் கூடாரம் போல எழுந்து நிற்கும். இப்போதைக்கு அந்த மூன்று அறைகளில் சிமென்ட் பூச்சைக் கரணையால் நன்றாக இழைத்து, மேலே ஒரு சீலர் அடித்து விட்டுவிடுங்கள். பாய் விரித்துக்கொள்ளலாம். பணம் வரும்போது அதன் மேலேயே வினைல் ஒட்டலாம். எதையும் உடைக்க வேண்டியதில்லை.

வாசல் திண்ணைக்கு டைலே வேண்டாம் என்று சொல்வேன். இங்கே பழைய வீடுகளில் சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்த சிமென்ட் ஸ்டூப்பைப் பார்த்திருப்பீர்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இன்றும் சில வீடுகளில் பாட்டிமார் சனிக்கிழமை காலையில் முட்டி போட்டு அதைப் பளிங்காக்குவார்கள். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் ரெட் ஆக்ஸைடு தரையின் சித்தப்பா பிள்ளை. டைலோடு ஒப்பிட்டால் பொருள் செலவு மிகக் குறைவு. ஆனால் கை தெரிந்த கொத்தனார் வேண்டும்.

என் வீட்டில் போட்டபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வயதான கொத்தனார் சிமென்ட்டையும் ஆக்ஸைடு பொடியையும் தண்ணீர் படாமல் முதலில் கலந்தார். திண்ணை முழுவதுக்கும் வேண்டியதை ஒரே தடவையாக, சல்லடையில் மூன்று முறை சலித்துக் கலந்தார். பாதிப் பாதியாகக் கலந்தால் நடுவில் நிறம் மாறி ஒட்டுப்போட்ட வேட்டி போல இருக்கும் என்றார். ஐம்பது கிலோ மூட்டைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் ஆக்ஸைடு போகக் கூடாது. போனால் பூச்சு வலுவிழக்கும். கலவையைப் பரப்பி மட்டப்பலகையால் இழுத்த பிறகு அவர் உட்கார்ந்து தேநீர் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை, எப்போது தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். கட்டை விரலால் அழுத்திக் காட்டினார்: ரேகை பதிய வேண்டும், விரல் இறங்கக் கூடாது, அப்போதுதான் இரும்புக் கரணை என்றார். மூன்று தடவை தேய்த்தார். கடைசித் தடவை கரணை ஓடிய சத்தமே மாறிவிட்டது. கண்ணாடியில் இழுப்பது போலிருந்தது. அதற்குப் பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு. திண்ணை மூன்று மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். வெடிப்பு வந்தே தீரும். அது அந்தக் கோட்டுக்குள் வரட்டும். மழைச் சாரல் விழும் விளிம்பை மட்டும் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.

இனிக் குளியலறை. நீங்கள் இருவரும் எதில் தப்பான இடத்தைத் தொடுகிறீர்கள் என்றேன் அல்லவா, அது இதுதான். கண்ணாடித் தடுப்பை வைத்துக்கொண்டு, தரை டைலுக்கு அடியில் பூசும் நீர்க்காப்பை வெட்டப் பார்க்கிறீர்கள். தலைகீழ். 2003-இல் உங்கள் பக்கத்து ஊரான டொங்காட்டில் என் முதல் வீட்டில் கட்டுநர் அந்தப் பூச்சைப் போடாமலே டைல் ஒட்டிவிட்டார். பெயர் வேண்டாம், இப்போது அவர் தொழிலிலும் இல்லை. நானே மதிப்பீட்டாளன், எனக்கே தெரியவில்லை. இரண்டாவது வருடம் குளியலறைக்குப் பின்பக்கத்துப் படுக்கையறை அலமாரியில் என் மனைவியின் பட்டுப்புடவை மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை. அலமாரியை நகர்த்தினால் சுவர்ப் பெயின்ட் அப்பளம் போலக் கொப்பளித்திருந்தது. தரையை உடைத்தோம். அந்த டைல் கடையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு மூலைக்காக முழுக் குளியலறைக்கும் புது டைல் போட வேண்டியதாயிற்று.

ஆகவே நீர்க்காப்பு கட்டாயம். துணியிழை வைத்து, சுவர் மூலைகளில் ஏற்றி, இரண்டு பூச்சு. டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தண்ணீர் நிற்கும்போது படம், மறுநாள் காலையில் அதே இடத்தில் படம். கண்ணாடித் தடுப்பு இப்போது வேண்டாம், ஒரு கம்பியும் திரையும் போதும். ஆனால் தரைச் சரிவையும் சிறு வரம்பையும் பிறகு கண்ணாடி வைக்கத் தோதாக இப்போதே போடச் சொல்லுங்கள். குளிக்குமிடத்தில் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் டைல். மற்றச் சுவர்களில் இடுப்புயரம், அதற்கு மேல் பெயின்ட். ஷவரின் சுவருக்குள் புதையும் குழாய்ப் பாகத்தை மட்டும் எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையுள்ள, உதிரிபாகம் வெருலம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும் தயாரிப்பாக வாங்குங்கள். வெளியே தெரியும் வாஷ்பேசினும் கண்ணாடியும் எவ்வளவு மலிவானாலும் பாதகமில்லை.

சுவருக்குள் போவது பற்றிப் பேசும்போதே இன்னொன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் ஊர் பட்ட பாடு உங்கள் மாமனாருக்கு நினைவிருக்கும். மழைநீர்த் தொட்டி இப்போது வாங்க முடியாது, சரி. ஆனால் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரவேண்டிய குழாயையும், நாளை இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் வேண்டிய வெறும் மின்குழாய்களையும் இப்போதே புதைத்து, முனையை மூடி வையுங்கள். பூசுவதற்கு முன் இதற்கு ஆகும் செலவு சில நூறு ரேண்ட். பூசிய பிறகு அதே வேலைக்குச் சுவரைக் குடைய வேண்டும்.

சமையலறை. கிரானைட்டை வெட்ட நினைக்காதீர்கள். அதில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. தென்னாப்பிரிக்காவில் இது ஒன்றும் இறக்குமதி ஆடம்பரமில்லை. ரஸ்டன்பர்க் பக்கத்துச் சாம்பல் நிறக் கல் இங்கேயே வெட்டியெடுப்பது. இருக்கும் வகைகளில் மலிவானதும் அதுதான். லாமினேட் ஒட்டிய மேடையில் சிங்க்கைச் சுற்றி ஈரம் இறங்கி ஊதிப்போவதையும், கொதிக்கும் குக்கரை இறக்கிய இடம் வட்டமாகக் கருகுவதையும் நிறையப் பார்த்தாயிற்று. மஞ்சளும் புளியும் தினமும் சிந்தும் சமையல் நம்முடையது. வெள்ளைக் கல் வேண்டவே வேண்டாம். டைல் இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் அடர் சாம்பலாக இருக்கட்டும். வெள்ளைக் கிரவுட் முதல் சாம்பார்ப் பொடியிலேயே சரணடைந்துவிடும்.

கல்லை வைத்துக்கொண்டு மரத்தில் குறையுங்கள். மேல் அலமாரிகளே வேண்டாம். இரண்டு வரிசைத் திறந்த பலகை போதும். உங்கள் பட்டியலில் அவற்றுக்கு 9,000 ரேண்ட். கீழ் அலமாரியில் இழுப்பறைகள்தான் விலையை ஏற்றும். கரண்டிக்கு ஒன்று மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் தட்டு. அலமாரிகள் பிளாஸ்டிக் கால்களின் மேல் நிற்கட்டும். துடைக்கும் தண்ணீர் மெலமைன் பலகையின் அடியைத் தொட்டால் அது பிஸ்கட் மாதிரி ஊறிவிடும்.

ஒரு சின்னக் காரியம். கல்லில் சிங்க்குக்காக வெட்டியெடுக்கும் துண்டை வேலையாட்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கல்லுக்கும் நீங்கள்தான் பணம் கொடுத்தீர்கள், கேட்டு வாங்குங்கள். ஓரத்தை இழைத்துத் தரச் சொன்னால் சாமி அலமாரிக்கு அருமையான பலகை. எண்ணெய் சிந்தினாலும் கற்பூரச் சூடு பட்டாலும் கவலையில்லை. அதன் பின்சுவரில் மீந்த டைலை ஒட்டிவிடுங்கள். விளக்குப் புகை படிந்த பெயின்ட் சுவரை வருடம் தவறாமல் தைப்பூசத்துக்கு முன் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவைக் கடையில் இருப்புக்கு ஏற்ப வையுங்கள். இங்கே உள்கதவின் வழக்கமான அளவு 813-க்கு 2032 மில்லிமீட்டர். அதைவிட ஒரு கை அகலம் கூட்டினால் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், விலை பறக்கும். ஜன்னலும் அப்படித்தான். சுவர் எழும்புமுன் இருப்பில் உள்ள பவுடர் கோட்டிங் அலுமினிய அளவுகளை வாங்கி கொத்தனார் கையில் கொடுங்கள். வரைபடத்தில் இருப்பதிலிருந்து அளவு மாறினால் உங்கள் வரைபடக்காரரிடம் சொல்லி டர்பன் வட்டாரத்தை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியில் திருத்தம் தேவையா என்று கேட்டுவிடுங்கள். இரும்புச் சட்டம் மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள், துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கைப்பிடியிலும் கீலிலும் கஞ்சத்தனம் கூடாது. தினமும் கை படும் இடம். துத்தநாகக் கலவையில் குரோம் முலாம் பூசியது ஒரு வருடத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழும். உம்லோட்டியில் கடலைப் பார்த்துக் கட்டியிருந்தால் 316 என்ற தரத்துத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லியிருப்பேன். வெருலம் உள்ளே தள்ளி இருக்கிறது, 304 போதும்.

சீலிங்கில் அடுக்கு வேலை வேண்டாம். அது 14,500, அதோடு பன்னிரண்டு பதித்த விளக்குகளும் போய்விடும். சமமான ஜிப்சம் பலகை, இணைப்புக்குப் பட்டை, நடுவில் ஒரு எல்.இ.டி. ஆனால் மேலே விரிக்கும் வெப்பத் தடுப்புப் பாயைக் குறைக்காதீர்கள். அது விதிமுறையிலும் கேட்கப்படுவது, டிசம்பர் கோடை மதியத்தில் உங்களுக்கும் தேவைப்படுவது.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே மலிவான வெள்ளை போதும், இரண்டு வருடம் கழித்து நீங்களே அடித்துக்கொள்ளலாம். புதுப் பூச்சுக்குக் குறைந்தது நான்கு வாரம் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடிப்பது மட்டும் தவறக் கூடாது. வெளிச்சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அடர் நிறம் அடியுங்கள். இந்தப் பக்கத்துச் செம்மண் மழையில் தெறித்தால் வெள்ளைச் சுவரில் காவிப் பட்டை போட்டது போலாகிவிடும், கழுவினாலும் போகாது. வசதி இருந்தால் அந்த இரண்டடியைப் பூசாமல் முகச் செங்கல்லில் கட்டுங்கள், பெயின்ட் வேலையே இல்லை.

பழைய டர்பன் வீடுகளை இடிக்கும்போது வரும் ஒரிகன் பைன் கதவுகளும் தேக்குக் கட்டைத் தரையும் பழைய சாமான் கிடங்குகளில் கிடைக்கும். முன்கதவு ஒன்றுக்கு அங்கே போய்ப் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பழைய கூரைத் தகடு எதையும் தொடவே வேண்டாம். அந்தக் காலத்து வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சாதாரணம், 2008-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

பணம் கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. புது வீடுகளையும் கட்டுநர்களையும் பதியும் அரசு அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.-யில் வீட்டைப் பதிந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அது வேலை தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டியது. அதில் ஐந்து வருடப் பொறுப்பு கட்டமைப்புக் குறைகளுக்கு மட்டும். கூரை ஒழுக்குக்கு ஒரு வருடம். நாம் இவ்வளவு நேரம் பேசிய டைல், கதவு, பெயின்ட் குறைகளுக்கெல்லாம் குடிபோனதிலிருந்து மூன்றே மாதம். ஆகவே கடைசித் தவணையில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரமே ஒவ்வொரு டைலையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் சுண்ணக்கட்டியால் குறி. குழாய்களையும் பீங்கானையும் குடிபோவதற்கு முந்தைய வாரம்தான் மனைக்கு வரவழையுங்கள். காவலில்லாத மனையில் அவற்றுக்குக் கால் முளைத்துவிடும்.

இப்போது உங்கள் கணக்கு. சீலிங் 14,500, கண்ணாடி 8,500, லாமினேட் 13,680, மேல் அலமாரி 9,000, டைல் வித்தியாசம் 4,840. மூன்றாவது படுக்கையறையின் சுவர் அலமாரி 12,000. குழந்தை பிறந்து அந்த அறைக்குப் போகும் வரை அது எதற்கு? மொத்தம் 62,520. நீர்க்காப்புக்கும் நல்ல கைப்பிடிகளுக்கும் அதிலிருந்து 4,000 திருப்பிக் கொடுத்தால் 58,520. இன்னும் 1,480 இடிக்கிறது. பதித்த விளக்குகள் பன்னிரண்டும் போனதில் அது சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். மின்பணிக்காரரின் பட்டியல் என்னிடம் இல்லை, அனுப்புங்கள், பார்க்கிறேன். டைல் வாங்கும்போது அந்த 44 சதுர மீட்டருக்கு மேல் ஒரு பெட்டி கூட வாங்கி, பிரிக்காமல் சீலிங்குக்கு மேலே போட்டு வையுங்கள்.